விதைக்குக் கால் இல்லை

“தப்பு. எல்லாமே தலைகீழா இருக்கு.”

“எல்லாமேவா? சூரியன்கூடவா?”

“சூரியன் ஜோரா இருக்கு. சூரியனை விடுங்க. பாம்போட தடம் எலியைப் பார்த்துப் போகுதுல்ல, அதுதான் தப்பு.”

“பாம்பு எலியைத்தானே தின்னும்? அதைத் தேடித்தானே போகணும்? எலி என்ன, பாம்பு வீட்டுக் கதவைத் தட்டி, ‘வந்துட்டேன், சாப்பிடு’ன்னு சொல்லுமா?”

போனின் மறுமுனையில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது கேட்டது. சிரித்தவள் பூதக்கண்ணாடி. பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, பதிப்பகத்தில் வைத்தது. பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டும் பெரிய பெரிய அறிவியல் படங்களை அச்சடித்து விற்கும் பதிப்பகம் அது. அங்கே பிழை பார்ப்பது அவள் வேலை. எறும்புக்கு ஒரு கால் குறைந்திருந்தால் போதும், அச்சு இயந்திரத்தையே நிறுத்திவிடுவாள். அவளிடம் இப்போது மாட்டிக்கொண்டு முழித்தவள், அந்தப் படங்களை வீட்டிலிருந்தபடி வரைந்து கொடுப்பவள். அவளைப் பதிப்பகத்தில் படக்காரி என்பார்கள். இரண்டு பேரும் போனிலேயே சண்டை போட்டு, போனிலேயே சமாதானமாகிப் பழகியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

“உணவுச் சங்கிலியில அம்பு, பசி போற திசையில போகாது” என்றாள் பூதக்கண்ணாடி. “சாப்பாடு போற திசையில போகும். புல் விதையிலேர்ந்து எலிக்கு, எலியிலேர்ந்து பாம்புக்கு, பாம்புலேர்ந்து கழுகுக்கு. யாரு யாருக்குள்ள போறாங்கன்னு காட்டறதுதான் அம்பு. உலகம் பூரா அப்படித்தான் போடுவாங்க.”

“இத்தனை வருஷம் எனக்கு யாரும் சொல்லலையே!”

“இத்தனை வருஷம் அம்பை நீங்க போடலையே! குளத்துப் படம், காட்டுப் படம் எல்லாத்துக்கும் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லதான் போட்டோம். இந்தத் தடவை ‘அம்பு வேண்டாம், மணல்ல கால்தடமா வரையறேன்’னு சொன்னது யாரு?”

சொன்னது அவள்தான். பாலைவனம் என்றால் வெறும் மணல். அதன்மேல் சிவப்பு அம்புகளைக் குத்தி வைத்தால் நடுக்காட்டில் போக்குவரத்துப் போலீஸ் நிற்பதுபோல் இருக்கும் என்று அவள்தான் அடம் பிடித்தாள். அதனால் விதையை நோக்கி எலியின் குட்டிக் குட்டித் தடங்கள், எலியை நோக்கிப் பாம்பின் சாய்ந்த கோடுகள், பாம்பின் மேல் கழுகின் நிழல் என்று பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். பதிப்பகத்தில் எல்லோரும் கைதட்டினார்களாம். கைதட்டாத ஒரே ஆள் பூதக்கண்ணாடி.

“சரி, தடத்தை எல்லாம் திருப்பிப் போடறேன்” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். “இரு இரு. விதையிலேர்ந்து எலிக்குத் தடம் போகணும்னா, விதை நடந்து போகணுமே. விதைக்குக் கால் கிடையாதே.”

“அது உங்க பாடு, படக்காரி. முடியலேன்னா சிவப்பு அம்பே போட்டுடலாம். ஆனா செவ்வாய்க்கிழமைக்குள்ள வேணும். அதுக்கப்புறம் உங்க கைக்கு லீவுதானே? புதன்கிழமை ஆபரேஷன்னு சொன்னீங்களே... கூட யாரு வர்றாங்க?”

“தம்பி வர்றான்” என்றாள் படக்காரி.

பொய் வாய்க்குள் தயாராக உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்ததும் வெளியே வந்துவிட்டது. தம்பியிடம் அவள் இன்னும் ஆபரேஷன் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கிக் கிடந்தது. தூரிகை பிடித்துப் பிடித்தே வந்தது. முதலில் கட்டைவிரல் நுனி மரத்தது, பிறகு ஆள்காட்டி விரல். இப்போது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்த பிறகுதான், அதுவரை அதைப் பிடித்திருந்தோம் என்பதே தெரிகிறது. சின்ன ஆபரேஷன்தான், காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் கட்டைவிரல் சதை கரைந்துவிடும், அப்புறம் தூரிகை என்ன, பென்சில்கூட நிற்காது என்றும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரவேண்டும்.

போன மாதம் ஆபரேஷனுக்குக் குறித்த தேதியில் அவள் தனியாகவே போய்ப் பார்த்தாள். “தம்பி வண்டியை நிறுத்திட்டு வர்றான்” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, சுவரோரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தாள், இடம் பிடித்து வைப்பதுபோல. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், கையில் கட்டோடு வெளியே வந்தார்கள், கூட வந்தவர்கள் செருப்பை எடுத்துக் கொடுத்தார்கள். நர்ஸ் இரண்டு தடவை வந்து வாசலை எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“உங்க தம்பி வண்டியை எந்த ஊர்ல நிறுத்துறாரு?”

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். படக்காரியும் சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமலே பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தாள்.

அடுத்த தேதிதான் இந்தப் புதன்கிழமை.

அவள் குடியிருந்தது பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். ஜன்னலோரம் நீளமான மேஜை, அதன்மேல் வளையும் கழுத்துள்ள விளக்கு, தூரிகை கழுவும் தண்ணீர்க் குவளைகள். நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள். மற்றொன்றில் சுருட்டிய காகிதங்கள் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது யாராவது வந்தால் காகிதங்களை எடுத்துக் கட்டிலில் போடவேண்டும். கடைசியாக எப்போது எடுத்துப் போட்டோம் என்று யோசித்தால் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கீழே நாள் முழுக்கச் சாவி அராவும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால், மணி பார்க்காமலே அவளுக்கு டீ நேரம் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தமும் கிடையாது. மேஜைமேல் ஒரு தகரத் தட்டில் மணல் பரப்பி வைத்திருந்தாள். எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில், கேட்டுவிட்டு அள்ளி வந்த மணல். தடம் மணலில் எப்படி விழும், ஓரம் எப்படிச் சரியும் என்று பார்த்து வரைவதற்காக. இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்தினால் பாலைவன எலியின் தடம் வந்துவிடும். அது பின்னங்கால்களால் மட்டும் தாவித் தாவிப் போகும் எலி. அவள் விரல்களைத் தட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாவவிட்டாள். பிறகு கையால் அழித்தாள். மறுபடி தாவவிட்டாள். மரத்துப்போன விரல்களுக்கு மணல் சுடுகிறதா, குளிர்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

விதை எப்படி நடக்கும்?

டீ போட்டு, ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி யோசித்தாள். ரொட்டியின் மேல் ஒட்டியிருந்த எள் நாலைந்து மணலில் உதிர்ந்தது. டீ ஆறவில்லை. ஊதினாள். ஊதிய காற்று தட்டின் மேலும் பட்டு, ஒரு எள் உருண்டது. உருண்ட வழியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழுந்தது.

படக்காரி டீயைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே ஊதினாள். எள் உருண்டு உருண்டு, பென்சிலால் குத்தி வைத்திருந்த எலி வளையின் வாசலில் போய் நின்றது. நடக்கவும் இல்லை, யாரும் தூக்கிப் போகவும் இல்லை. வளைக்குள் எலி காத்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று வந்தது. கொம்பு வைத்த மணல் பாம்பு எலியைத் துரத்திப் போகாதே! உடம்பை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் கிடக்குமே! எலிதான் ஏதும் அறியாமல் தாவித் தாவி அதன் பக்கம் வரும். ஆகவே எலியின் தடம் பாம்பின் கண்வரைக்கும் போகும். அங்கே நிற்கும். அப்புறம் தடம் இருக்காது. அதேபோலப் பாம்பின் சாய்ந்த கோடுகள் மணல்மேட்டில் ஏறிப்போய், ஓர் இடத்தில் அறுந்துவிடும். அந்த இடத்தின் இரண்டு பக்கமும், விசிறியால் மணலைத் தட்டியதுபோலக் கழுகுச் சிறகின் அச்சு. யாரும் யாரையும் தேடிப் போகவேண்டாம். ஒவ்வொன்றும் தன் கடைசித் தடத்தைத் தானே போட்டுக்கொண்டு, தன்னைத் தின்பவனிடம் போய்ச் சேரும்.

அவள் பென்சிலை எடுத்தாள். இருட்டும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, எலியின் தடம் நின்ற இடத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

தம்பியும் அப்படித்தான் இவளிடம் தத்தித் தத்தி வருவான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்துக்கு டவுசர் போட்டுக்கொண்டு போகிறவன். இவள் அப்போதே பத்திரிகைகளுக்குப் படம் போட ஆரம்பித்திருந்தாள். அவன் பசி என்று வருவான். இவள் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போவாள். பீஸ் கட்டணும் என்பான், ஷூ கிழிஞ்சுபோச்சு என்பான், அக்கா எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு என்பான். எல்லாவற்றுக்கும் இவள் எழுந்து போனாள். இப்போது அவன் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் வேறு ஊரில் இருக்கிறான். மனைவி நல்லவள். வேலையும் நல்ல வேலை. இப்போதும் போன் பண்ணுவான்: பிறந்த சர்டிபிகேட்டை எந்தப் பெட்டியில் வைத்தாய், சட்டையில் மை கொட்டினால் எதைப் போட்டுத் தேய்ப்பது. ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது, “உனக்கு ஏதாவது வேணுமாக்கா?” என்று கேட்பான். “எனக்கு என்னடா வேணும், நீ நல்லா இரு” என்பாள். சொல்லிச் சொல்லி அது வாசல் தாழ்ப்பாள் மாதிரி ஆகிவிட்டது. கை வைத்தாலே தானாக விழுந்துவிடும். கொஞ்ச நாளாக அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

புதுப் படத்தைப் போனில் படம் பிடித்துப் பூதக்கண்ணாடிக்கு அனுப்பினாள்.

திங்கள்கிழமை காலை, சாவி அராவும் சத்தம் தொடங்குவதற்கு முன்பே போன் வந்தது.

“படக்காரி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? எலித் தடம் பாம்புகிட்ட போய் நின்னுடுது.”

“ஆமா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். தப்பா?”

“தப்பில்ல. தடம் எல்லாம் சரியான திசையில இருக்கு. ஆனா என் பொண்ணுகிட்ட காட்டினேன். தடத்து மேலயே விரலை வச்சு நடந்து நடந்து போனா. நின்ன இடத்துல நின்னுட்டு என்னைப் பார்த்தா. ‘எலி எங்கம்மா?’ன்னா. நான் என்னத்த சொல்றது? காலங்கார்த்தால ஒரே அழுகை.”

“ஐயையோ.”

“ஐயையோ எல்லாம் வேண்டாம். அழுதாலும் புரிஞ்சுக்கிட்டா. சிவப்பு அம்பைப் பார்த்து எந்தக் குழந்தையாவது அழுதிருக்கா? நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. கழுகுக்கிட்டேர்ந்து தடம் எங்க போகுது?”

“கழுகை யாரும் தின்ன மாட்டாங்களே. அதோட முடிஞ்சுபோச்சுல்ல?”

“முடிஞ்சுதுன்னா அது மேல தனியா உட்கார்ந்துக்கிட்டே இருக்குமா? அதுவும் ஒரு நாள் கீழ விழும். வண்டுங்க வரும், எறும்பு வரும். அரிச்சுத் தின்னு மண்ணுக்கே உரமாக்கிடும். அந்த மண்ணுலதான் புல்லு. வண்டைப் போட்டு வட்டத்தை மூடுங்க. இல்லேன்னா என் பொண்ணு மறுபடி அழுவா, ‘கழுகு கூட யாருமே இல்லையா’ன்னு.”

படக்காரி பென்சிலால் காகித ஓரத்தில் ஒரு வண்டு போட்டுப் பார்த்தாள். ஆறு கால். எண்ணிச் சரிபார்த்துக்கொண்டாள்.

“ஒரு சந்தேகம்” என்றாள். “இந்தப் புல்லு மட்டும் பாவம். எல்லாருக்கும் குடுத்துக்கிட்டே இருக்கு. அதுக்கு எதுவும் வேண்டாம் போல.”

“யாரு சொன்னா? புல்லுக்குப் பசிக்காதா? வெயில் வேணும், எப்பவாவது ஒரு மழை வேணும், வண்டு விட்டுட்டுப் போற உரம் வேணும். அது கிடைக்கலேன்னா விதையே வைக்காது. எலி பட்டினி, பாம்பு பட்டினி. வாங்காம குடுக்கிற ஜீவன் ஒண்ணுகூட இந்தப் படத்துல கிடையாது, படக்காரி. அப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க வரைஞ்சா, நான் தப்புன்னு சுழிச்சுத் திருப்பி அனுப்பிடுவேன்.” பின்னால் குழந்தை ஏதோ கேட்டது. “சரி, நான் வைக்கிறேன். தம்பி வந்துட்டாரா?”

“வந்துக்கிட்டிருக்கான்.”

போனை வைத்துவிட்டு அவள் வண்ணம் குழைத்தாள். மணலுக்குப் பழுப்பு, நிழலுக்குக் கொஞ்சம் ஊதா. கழுகின் ஒரே ஒரு இறகை மணலில் விழவிட்டாள். அதிலிருந்து வண்டுகளின் தடங்கள், தையல் போட்டதுபோலப் பொடிப் பொடியாகப் புல்லின் வேருக்குப் போயின. தூரிகை இரண்டு தடவை நழுவி விழுந்தது. இரண்டாம் தடவை விழுந்த இடத்தில் ஊதா தெறித்துவிட, அதையும் ஒரு வண்டாக மாற்றினாள். டீ நேரத்தில் கீழே சாவிச் சத்தம் நின்றபோது படம் முடிந்திருந்தது. புல் வேரைச் சுற்றி வண்டுகள் வந்து நின்றன. அவ்வளவு பெரிய மணற்காட்டில் அந்த ஒரு மூலையில் மட்டும் கூட்டமாக இருந்தது.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, தம்பிக்குப் போன் பண்ணினாள்.

“அக்கா! ஆயுசு நூறு உனக்கு! நானே பண்ணணும்னு இருந்தேன். பூட்டு ரிப்பேர்காரர் உன் வீட்டுக்குக் கீழதானே இருக்காரு? எங்க இரும்புப் பெட்டிச் சாவியைத் தொலைச்சுட்டேன். உடைக்காம திறக்க முடியுமான்னு கேட்டுச் சொல்றியா?”

“கேக்கறேன். டேய்...”

“உன் மருமகளுக்குப் பல்லு விழுந்துடுச்சுக்கா. பேசினா வெறும் காத்துதான் வருது. ‘அத்தை’ன்னு சொல்லச் சொன்னா, ‘அஃபை’ங்கிறா.”

படக்காரி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். “விழுந்த பல்லைப் பத்திரமா வச்சிருக்காளா?”

“முழுங்கிட்டா.”

“அடப்பாவமே! டேய், நான் உன்கிட்ட ஒண்ணு...”

“அக்கா, மேனேஜர் கூப்பிடறான். வைக்கிறேன், அப்புறம் பேசறேன். பூட்டுக்காரர்கிட்ட கேட்டுடு, மறக்காத!”

அறை முன்பைவிட அமைதியாகிவிட்டது. கீழே போய்ப் பூட்டுக்காரரிடம் கேட்கலாமா என்று எழுந்தவள், கதவுவரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவன் கேட்டால் உடனே எழுந்து போக அந்தக் கால்கள் பழகியிருந்தன.

கூப்பிட்டால் அவன் இப்போது எடுக்கமாட்டான். குரலைப் பதிவு பண்ணி அனுப்பலாம். பதிவு செய்ய, போனில் ஒரு பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். வலது கட்டைவிரலால் அழுத்தினாள். “டேய், அக்கா பே...” அதற்குள் விரல் நழுவிவிட்டது. அழித்தாள். இடது கைக்கு மாற்றினாள்.

“டேய், அக்காதான். ஒண்ணும் இல்ல, சும்மா...” அழித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு எதற்கு ஒரு பதிவு?

“டேய், பாலைவனத்துல ஒரு புல்லு இருக்குன்னு வச்சுக்கயேன்...” தன் குரலைத் தானே கேட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூட வானொலி மாதிரி இருந்தது. அதையும் அழித்தாள்.

“புதன்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா? கிடைக்கலேன்னாலும் பரவாயில்ல, நான் எப்படியாவது...” பரவாயில்லை என்ற இடத்தில் தாழ்ப்பாள் விழும் சத்தம் அவளுக்கே கேட்டது. அழித்தாள்.

எழுந்து, இரண்டாவது நாற்காலியில் இருந்த காகிதங்களை அள்ளினாள். வலது கைக்கு வலுவில்லாததால் இடுப்போடு அணைத்துக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். நாற்காலியில் தூசி ஒரு நீண்ட சதுரமாகப் படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். அதை மேஜைப் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். மேஜைமேல் பாலைவனம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மணல் தட்டு, அதில் எள் உருண்ட கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

அவள் இடது கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தாள். அழுத்தினாள்.

“டேய், அக்கா பேசறேன். பூட்டுக்காரர்கிட்ட நான் இன்னும் கேக்கல. அதை அப்புறம் பார்த்துக்கலாம். புதன்கிழமை காலையில எனக்குக் கையில ஆபரேஷன். ரொம்ப நாளாவே மரத்துப்போகுது, உன்கிட்ட சொல்லல. வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருந்தாத்தான் பண்ணுவாங்களாம். போன தடவை தனியாப் போனேன், திருப்பி அனுப்பிட்டாங்க. நாளைக்கு ராத்திரி வண்டி ஏறினா விடியறப்போ இங்க வந்துடலாம். எனக்கு நீ வேணும்டா. வர்றியா?”